ஒரு பவுனுக்கு எத்தனை டன் பாறை? தங்கச் சுரங்கச் சொற்கள், படிப்படியாக

2020 பிப்ரவரியில் ஒரு செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கும் மேல் தங்கம் இருக்கிறதாம். ரிசர்வ் வங்கியிடம் அப்போது இருந்த தங்கமே 700 டன்னுக்குக் குறைவு. நாட்டின் கடனையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே அடைத்து முடித்தார்கள். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கணக்கைச் சொன்னது: அங்கே இருப்பது 52,806 டன் தாது, டன்னுக்குச் சராசரி 3.03 கிராம், ஆக மொத்தத் தங்கம் சுமார் 160 கிலோ.

கால்குலேட்டரை எடுத்து 52,806-ஐ 3.03-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிராம் வரும். பள்ளிக்கூடப் பெருக்கல்தான். ஆனால் தாது என்றால் என்ன, தரம் என்றால் என்ன என்று தெரியாதவருக்கு அந்தப் பெருக்கலைப் போடவே தோன்றாது. இந்தச் சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அதனால் ஒரு கல்லின் பின்னாலேயே போவோம். பூமிக்குள்ளிருந்து நகைக்கடை வரை அது போகிற வழியில் எந்த இடத்தில் எந்தச் சொல் வருகிறதோ, அங்கேயே அதைப் பிடித்துக்கொள்வோம். உதாரணத்துக்குக் கோலார் தங்க வயல். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த சுரங்கம் அது.

வேண்டியவை: கால்குலேட்டர், ஒரு பிடி ஆற்று மணல், ஒரு தட்டு, ஒரு காந்தம்.

படி 1: கல்லையும் தாதுவையும் பிரித்துப் பாருங்கள்

இயற்கையில் கிடைக்கும், குறிப்பிட்ட வேதியியல் அமைப்பு கொண்ட திடப்பொருள் கனிமம். குவார்ட்ஸ் ஒரு கனிமம், பைரைட் ஒரு கனிமம். பல கனிமங்கள் சேர்ந்தது பாறை. பாறையிலிருந்து ஒரு உலோகத்தை எடுத்து விற்றால் செலவு போக ஏதாவது மிஞ்சும் என்றால் அந்தப் பாறைக்குப் பெயர் தாது.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். தாது என்பது பாதி புவியியல், பாதி வியாபாரம். தங்கம் விலை ஏறினால் நேற்றைய வெறும் கல் இன்று தாதுவாகும். விலை இறங்கினால் இன்றைய தாது நாளைக்கு வெறும் கல். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பாறை விரிசலில் குவார்ட்ஸும் தங்கமும் படிந்து, பலகை சொருகியது போல நீளமாக ஓடும் அடுக்கு ரீஃப் அல்லது லோடு. கோலாரின் சாம்பியன் ரீஃப் இந்த வகை. அதைச் சுற்றியுள்ள பாறை சுற்றுப்பாறை. தாதுவோடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத கனிமங்களுக்கு கேங் என்று பெயர், ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் உச்சரிப்பு அதுதான். பைரைட் பெரும்பாலும் கேங்கில் சேரும். மஞ்சளாக மின்னும், முட்டாள் தங்கம் என்ற பட்டம்கூட உண்டு. சுத்தியலால் தட்டினால் தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கிவிடும்.

படி 2: தரத்தைப் படிக்கப் பழகுங்கள்

ஒரு டன் தாதுவில் எத்தனை கிராம் தங்கம் இருக்கிறதோ அதுதான் தரம், அதாவது கிரேடு. டன்னுக்கு 5 கிராம் என்றால் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கோலாரில் தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல்கூடக் கிடைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடும்போது அது 3 கிராம் அளவுக்கு வந்திருந்தது.

தரத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை அஸ்ஸே. இதில் இன்றைக்கும் மரியாதை குறையாதது நெருப்புச் சோதனை. அரைத்த மாதிரியோடு ஈய ஆக்சைடு, வெண்காரம், கொஞ்சம் மாவு எல்லாம் கலந்து உருக்குவார்கள். ஆமாம், சமையலறை மாவேதான். மாவிலுள்ள கரி ஈய ஆக்சைடை ஈயமாக்கும், அந்த ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் பொத்தான் போல உறையும். பிறகு எலும்புச் சாம்பலால் செய்த கியூப்பல் என்ற சிறு கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால், ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் கடுகைவிடச் சிறிய ஒரு மணி மட்டும் நிற்கும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து தங்கம் தனியாகும். அதை எடை போட்டால் தரம் தெரிந்துவிடும்.

சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மாதிரி எடுத்த விதம் தப்பு என்றால் எல்லாம் தப்பு. நம் நீலகிரியிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1880-ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் பக்கம் பெரிய தங்கவேட்டை நடந்தது. நல்ல மாதிரிகளின் எண்களைக் காட்டி லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. எந்திரங்கள் மலையேறின. டன் கணக்கில் அரைத்தபோது சொன்ன தரத்தில் கொஞ்சம்கூட வரவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டது.

இன்னும் மோசமானது உப்புப் போடுதல், அதாவது மாதிரியில் வெளித் தங்கத்தைத் தூவி ஏமாற்றுவது. 1997-இல் இந்தோனேசியாவின் புசாங்கில் பிரே-எக்ஸ் என்ற கனடா கம்பெனியின் குட்டு இப்படித்தான் உடைந்தது.

படி 3: கீழே இறங்குங்கள்

இங்கே சொற்கள் நிறைய, ஆனால் படம் ஒன்றுதான். பல மாடிக் கட்டடத்தைத் தலைகீழாகப் பூமிக்குள் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் போகும் கிணறு ஷாஃப்ட். ஒவ்வொரு மாடியும் லெவல். ரீஃப் ஓடும் திசையிலேயே போகும் நடைபாதை டிரைவ், ரீஃப்பைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவது கிராஸ்கட். தாதுவை வெட்டி எடுக்கும் இடம் ஸ்டோப். ஆள் ஏறும் கூண்டு கேஜ், கல் ஏறும் வாளி ஸ்கிப். கேஜையும் ஸ்கிப்பையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுவர் திடீரென வெடித்துச் சிதறுவதை ராக் பர்ஸ்ட் என்பார்கள். கோலாரின் பழைய ஆவணங்களில் ஏர் பிளாஸ்ட் என்று இருக்கும். ஸ்டோப்பில் நின்றவர்களின் உயிரை வாங்கிய சொல் அது.

படி 4: அரையுங்கள், அரியுங்கள்

மேலே வந்த கல்லை கிரஷர் உடைக்கும். அப்புறம் இரும்புக் குண்டுகள் உருளும் பால் மில் மாவாக அரைக்கும். சைவ வீட்டு உளுந்து மாதிரி நைசாக அரைத்தால்தான் கல்லுக்குள் சிக்கிய தங்கத் துணுக்கு விடுபடும். அப்படி விடுபட்டுத் தனியாகக் கிடப்பது ஃப்ரீ கோல்டு.

இப்போது தட்டை எடுங்கள். ஒரு பிடி ஆற்று மணலைப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி மேல் தண்ணீரோடு மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிய விடுங்கள். அவசரப்படாதீர்கள், ஐந்து நிமிடமாவது ஆகும். முக்கால்வாசி மணல் போனபின் அடியில் கறுப்பாக ஒரு கோடு தங்கும், அதுதான் கருமணல். காய்ந்ததும் காந்தத்தை ஒரு தாளில் சுற்றிக் கிட்டே கொண்டுபோனால் அதில் ஒரு பகுதி துள்ளி ஒட்டும். அது மேக்னடைட்.

வெள்ளை மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம், மேக்னடைட் சுமார் 5 மடங்கு. தங்கம் 19.3 மடங்கு! அதனால்தான் எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்காரும். இதற்குப் பெயர் ஈர்ப்புமுறைப் பிரிப்பு. நம் பாட்டிமார் அரிக்கன்சட்டியில் அரிசி அரித்ததும் இதே வேலைதான். சட்டியின் உட்புற வரிகளில் கல் தங்கும், அரிசி வழிந்து போகும். தங்கம் அரிப்பவரின் தட்டிலும் அதே வரிகள் உண்டு. அவருக்கு வேண்டியது அடியில் தங்குவது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடியில் தங்கியது கான்சன்ட்ரேட், அதாவது செறிவு. வழிந்து போனது டெயிலிங்ஸ், அதாவது கழிமண். இந்த இரண்டாவது சொல்லுக்குத் திரும்பவும் வருவோம்.

படி 5: கரையுங்கள் (இதை வீட்டில் செய்யாதீர்கள்)

பொடியிலும் பொடியான தங்கம் தட்டில் நிற்காது. பாதரசத்தோடு சேர்த்துப் பிடிப்பது பழைய வழி, அந்தக் கலவை அமால்கம் அல்லது இரசக்கலவை. அதைச் சூடாக்கும்போது கிளம்பும் ஆவி ஆளை மெல்ல முடமாக்கும். 1887-இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை எடுத்த சயனைடு முறைதான் ஆட்டத்தையே மாற்றியது. அரைத்த தாதுக் குழம்பில் மிக நீர்த்த சயனைடு கரைசலைக் கலந்து காற்றை ஊதினால் தங்கம் கரைந்துவிடும். இது லீச்சிங். கூடவே சுண்ணாம்பு போடுவார்கள், இல்லையென்றால் நச்சு வாயு கிளம்பும்.

தங்கம் கரைந்த திரவம் சூல் கொண்ட கரைசல், தங்கத்தை எடுத்தபின் மிஞ்சுவது மலட்டுக் கரைசல். ஆங்கிலத்திலும் இதே பொருளில்தான் சொல்கிறார்கள், வேதியியலில் இவ்வளவு கவித்துவம் அபூர்வம். கரைசலிலிருந்து தங்கத்தை எடுக்கத் துத்தநாகத் தூள் போடுவது ஒரு வழி. இன்று பரவலாக இருப்பது, கரைந்த தங்கத்தைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும் செயலூட்டிய கரி. அந்தக் கரிக்கு உலகச் சுரங்கங்கள் விரும்பி வாங்குவது தேங்காய்க் கொட்டாங்குச்சிக் கரி, ஏனென்றால் அது கெட்டியானது, குழம்பில் உரசி எளிதில் தேயாது. நாம் அடுப்பில் போடும் சிரட்டை ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் தங்கம் பிடிக்கிறது.

தாதுவில் இருந்த தங்கத்தில் கைக்கு வந்த பங்கு மீட்பு, அதாவது ரெக்கவரி. டன்னுக்கு 5 கிராம், மீட்பு 90 சதவீதம் என்றால் கிடைப்பது 4.5 கிராம். சயனைடு எட்டாதபடி பைரைட் போன்ற சல்ஃபைடு கனிமத்துக்குள் தங்கம் ஒளிந்திருந்தால் அது முரண்டுத் தாது. முதலில் வறுத்தெடுத்தால்தான் வழிக்கு வரும்.

படி 6: உருக்குங்கள், சுத்தம் செய்யுங்கள்

சுரங்கத்திலிருந்து வெளியே போகும் கட்டி டோரே. அதில் தங்கம், வெள்ளி, கொஞ்சம் செம்பு எல்லாம் கலந்திருக்கும். சுத்திகரிப்பு ஆலையில் உருகிய டோரேவுக்குள் குளோரின் வாயுவை விட்டால் மற்ற உலோகங்கள் குளோரைடாகப் பிரிந்து தங்கம் 99.5 சதவீதம் வரை சுத்தமாகும். இது மில்லர் முறை. மின்பகுப்பு செய்து 99.99 வரை கொண்டுபோவது வோல்வில் முறை.

சுத்தத்தை ஆயிரத்துக்கு எத்தனை என்று சொன்னால் அது ஃபைன்னெஸ், 24-க்கு எத்தனை என்று சொன்னால் காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916, நகையில் இருக்கும் 916 முத்திரை அதுதான். எடையில் ஒரு பொறி இருக்கிறது: உலகச் சந்தையில் சொல்லும் அவுன்ஸ் டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். மற்றப் பொருட்களுக்கான அவுன்ஸ் 28.35 கிராம்தான்.

படி 7: கணக்கைப் போடுங்கள்

ஒரு பவுன் 8 கிராம். 22 காரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். டன்னுக்கு 4.5 கிராம் கைக்கு வரும் சுரங்கத்தில் ஒரு பவுனுக்கு 1.63 டன் பாறை. ஐந்து பவுன் சங்கிலிக்கு எட்டு டன்னுக்கு மேல்.

அடுத்தது வெட்டுத்தரம். இந்தத் தரத்துக்குக் கீழே போனால் நஷ்டம் என்ற எல்லைக்கோடு. ஒரு டன்னை வெட்டி அரைத்துக் கரைக்க 4,500 ரூபாய் ஆகிறது, தங்கம் கிராம் 5,000 ரூபாய், மீட்பு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தாதுவில் உள்ள ஒரு கிராமுக்குக் கைக்கு வருவது 5,000-இல் 90 சதவீதம், அதாவது 4,500 ரூபாய். செலவான 4,500-ஐ இந்த 4,500-ஆல் வகுத்தால் வெட்டுத்தரம் டன்னுக்கு 1 கிராம். தங்கம் 10,000 ரூபாய் ஆனால் அது அரை கிராமாக இறங்கும். பூமிக்குள் எதுவும் மாறவில்லை, ஆனால் தாதுவின் அளவு கூடிவிட்டது. அதோடு, மண்ணுக்குள் இருப்பதாக மதிப்பிட்டது ரிசோர்ஸ், அதில் லாபத்தோடு எடுக்க முடியும் என்று கணக்குப் பார்த்து உறுதி செய்தது ரிசர்வ். செய்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

இப்போது கழிமண்ணுக்குத் திரும்புவோம். கோலாரில் ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கும் சயனைடு மேடுகள் படி 4-லும் 5-லும் வழிந்து போனவை. சுமார் 3.3 கோடி டன், டன்னுக்கு ஏறக்குறைய 0.7 கிராம் என்கிறார்கள். பெருக்கினால் 23 டன் தங்கம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது மேட்டுக்குள் இருக்கும் தங்கம், கைக்கு வரும் தங்கம் அல்ல. ஒரு முறை கரைத்து எடுத்துவிட்டு மிஞ்சியது என்பதால் மீட்பு குறைவாகத்தான் இருக்கும். 60 சதவீதம் என்று வைத்தால் டன்னுக்கு 0.42 கிராம். ஒரு பவுனுக்கு 17 டன்னுக்கு மேல் மண், அதாவது ஒரு பெரிய டிப்பர் நிறைய. வெட்டவும் வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், ஏற்கெனவே மாவாகத்தான் கிடக்கிறது. அதனால் டன்னுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அந்தச் செலவுக்கு ஒரு எண்ணைப் போட்டு, இன்றைய தங்க விலையோடு வெட்டுத்தரத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 0.7-க்குக் கீழே வந்தால் அந்த மேடு தாது.