வண்டின் வயிற்றில் ராஜா பெயர்: எகிப்திய ஸ்காரப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

எகிப்தியப் பொருட்கள் இருக்கும் அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் விரல் நுனி அளவில் வண்டு வண்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். சாணி உருட்டும் வண்டின் வடிவத்தில் செய்த ஸ்காரப் தாயத்துகள் அவை. முதுகை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடாதீர்கள். விஷயமெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர், சின்னம், சில நேரம் ஒரு முழுச் செய்தியே அங்கே செதுக்கியிருக்கும். அடியில் கண்ணாடியோ பக்கத்தில் அச்சுப் பதிவோ வைத்திருந்தால் குனிந்து பாருங்கள்.

சரி, வயிற்றில் ஓர் அரசர் பெயர் இருக்கிறது. உடனே "அப்போ இது அவர் காலத்துது" என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. எகிப்திய அரசர் மூன்றாம் துட்மோஸ் கி.மு. 1425 வாக்கில் இறந்துபோனார். அவருடைய அரியணைப் பெயர், அதாவது பட்டமேற்றபோது சூடிய பெயர், மென்கெப்பர்ரே. அந்தப் பெயர் போட்ட ஸ்காரப்களை அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் வரை செய்துகொண்டே இருந்தார்கள், ஏனென்றால் அந்தப் பெயரே காப்பு என்று நம்பினார்கள். அதில் வரும் கெப்பர் என்ற சொல்லை எழுதுவதே வண்டின் உருவத்தால்தான், 'உருவாதல்' என்று பொருள், காலைச் சூரியனான கெப்ரி கடவுளின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆகவே காலத்தைச் சொல்லத் தலை, கால், முதுகுக் கோடுகளைச் செதுக்கிய விதம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அது மண்ணில் எங்கே, எதனோடு கிடைத்தது என்று தெரிய வேண்டும்.

பெயர் இருப்பதால் அந்த ராஜாவே அணிந்திருந்தார் என்றும் நினைக்க வேண்டாம். துருக்கிக் கரையோரம் உளுபுருனில் மூழ்கிய பழங்காலக் கப்பலில் நெஃபர்டிட்டி அரசியின் பெயர் பொறித்த தங்க ஸ்காரப் ஒன்று கிடைத்தது. அதை வைத்து அரசிதான் கப்பலை அனுப்பினார் என்று சொல்லிவிட முடியாது, அவர் காலத்துக்கு முன்பு அந்தக் கப்பல் மூழ்கியிருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

இதற்கெல்லாம் விலக்காக நிற்பவை மூன்றாம் அமென்ஹோடெப் வெளியிட்ட பெரிய ஸ்காரப்கள், எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். 200-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஒரு வகையில், ஆட்சியின் முதல் பத்தாண்டில் தன் அம்பால் 102 சிங்கங்களை வீழ்த்தியதாக அரசர் சொல்கிறார். இன்னொன்று பட்டத்தரசி தியேயின் அப்பா யுயா, அம்மா துயா என்று பெயரோடு சொல்கிறது. அரசரே ஊருக்கெல்லாம் அனுப்பிய அறிவிப்பு என்று இவற்றைப் படிக்கலாம். ஆனால் அந்த 102-ஐ எண்ணிப் பார்த்த கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ராஜா தன்னைப் பற்றித் தானே சொன்னது.

அப்புறம், இதய ஸ்காரப் தனி வகை. அது மம்மியின் மார்பில் வைப்பது, "என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே" என்ற வேண்டுதல் பொறித்தது. மோதிரத்தில் கோத்து முத்திரையாகப் பயன்படுத்திய சின்ன ஸ்காரப்போடு அதைக் குழப்பக் கூடாது.

பழுப்பாக இருந்தால் போலி என்று ஒதுக்குவதும் தவறு. பெரும்பாலானவை நம் கல்சட்டிக்குப் பயன்படும் மாக்கல் வகைதான், மேலே பச்சையோ நீலமோ மெருகு பூசிச் சுட்டிருப்பார்கள். மெருகு உதிர்ந்தால் உள்ளே இருக்கும் கல் தெரியும்.

உண்மையான போலிகளோ பார்க்க அழகாகவே இருக்கும். நெக்கோ அரசர் காலத்தில் ஆப்பிரிக்காவைக் கப்பலில் சுற்றி வந்த கதையைச் சொல்லும் இரண்டு பெரிய ஸ்காரப்கள் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தன. 1908-இல் பெர்லின் அறிஞர்கள் எர்மானும் ஷேஃபரும் அவை போலி என்று காட்டினார்கள். எல்லோரும் கேட்க ஆசைப்பட்ட கதை கல்லிலேயே கிடைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

வாங்கும் ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எகிப்து 1983-இலேயே பழம்பொருள் வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்களும் குறிப்பட்டையைக் கவனித்துப் படியுங்கள். எகிப்தின் லக்சர் நகரை எடுத்துக்கொண்டால், 'லக்சரில் வாங்கியது' என்பதும் 'லக்சரில் தோண்டி எடுத்தது' என்பதும் ஒன்றல்ல.