துணிப்பையில் பீர்: தானியத்தின் கடைசி இனிப்பையும் இறக்கும் முறை

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களிடம் பரவிய துணிப்பை முறையில், உடைத்த பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, பாத்திரத்து நீரில் விரித்த துணிப்பைக்குள் இட்டு ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதன் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். கட்டிதட்டிய மாவின் உள்ளே ஈரம் ஏறாது என்பதால், மால்ட்டைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுவதே இதில் மிக முக்கியமான வேலை.

பின்னர் பையைத் தூக்கிப் பாத்திரத்தின் மேல் கம்பி வலைத்தட்டில் வைத்து வடியவிட்டு, முன்பே ஒதுக்கிவைத்த நீரை 75 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தின் மீது பரவலாக, மிக மெதுவாக ஊற்றினால், உமியில் ஒட்டிய இனிப்பும் இறங்கிவிடும். கொதிநீரை ஊற்றவே கூடாது. சூடு தாங்கும் கையுறை அணிந்து பையைத் தாராளமாகப் பிழியலாம். உமியின் துவர்ப்பு சாற்றில் ஏறுவதற்கு மிகுந்த சூடும் காரத்தன்மை கூடிய நீருமே காரணம்.