சைக்கிள்ல இருந்து இறங்கினதும் 10 நிமிஷம் ஓடுங்க

முதல் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் அடுத்தடுத்து முடிக்கிற போட்டி) தயாராகுறவங்க, வாரத்துல ஒரு தடவையாவது சைக்கிள் ஓட்டி முடிச்ச கையோட உக்காராம அப்படியே 10 நிமிஷம் ஓடிடுங்க, இதுக்குன்னு தனியா ஒரு நாள் ஒதுக்கவே வேணாம். ரன்னிங் ஷூவ முன்னாடியே லேஸ் தளர்த்தி வாசல்லயே வச்சிடுங்க, உள்ள போய் தேடிட்டு இருந்தா அதுக்குள்ள கால் ஆறிடும்.

ஏன்னா அவ்ளோ நேரம் சீட்ல உக்காந்து மிதிச்ச காலு திடீர்னு முழு எடையையும் தாங்கணும், முதல் அஞ்சு நிமிஷம் கட்டை மாதிரி கனக்கும். ஸ்பிரிண்ட்னு சொல்ற குறுகிய தூர டிரையத்லான்ல 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள் முடிச்சப்புறம்தான் அந்த 5 கிலோமீட்டர் ஓட்டமே வருது, அங்க போய் முதல் தடவையா இந்த கனத்த உணர்ந்தா நிஜமாவே பயந்துடுவோம், பழகினவங்களுக்கு இது கொஞ்ச நேரத்துல விட்டுடும்னு தெரியும். கடைசி ரெண்டு மூணு நிமிஷம் லேசான கியர்ல வேகமா மிதிச்சிட்டு இறங்கினா இன்னும் சுலபம்.

முட்டி, கெண்டைக்கால் வலி இருந்தாலோ முந்தின நாள் நீண்ட ஓட்டம் ஓடியிருந்தாலோ இத விட்டுடுங்க. நிறுத்தாம 10 நிமிஷம் ஓடவே இன்னும் வரலைனா முதல்ல ஓட்டத்த மட்டும் தனியா பழகுங்க.