பிளேடு வேண்டாம், பிதுக்கினால் போதும்

விதையின் பாகங்களைக் காட்டக் குழந்தைகள் கையில் பிளேடு கொடுக்காதீர்கள். காய்ந்த மொச்சையை 10 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, கட்டைவிரலால் பிதுக்கச் சொல்லுங்கள். மார்கழி, தையில் பெங்களூரில் அவரேக்காய் (பச்சை மொச்சைக்காய்) குவியும்போது வீட்டில் பிதுக்கம்பருப்பு எடுப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சொல்லியே தர வேண்டாம்.

நீர் குடித்த விதையுறை தளர்ந்து தனியே கழன்றுவிடும். வித்திலைகளை, அதாவது பருப்பின் இரு பாதிகளை, மெல்ல விரித்தால் ஓர் ஓரத்தில் முளைவேரும் முளைக்குருத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிதுக்கும் முன் விதையைத் துடைத்துவிட்டு லேசாக அழுத்தினால், வெள்ளைத் தழும்பின் பக்கத்தில் ஒரு சொட்டு நீர் கசியும், அதுதான் விதைத்துளை. வகுப்பே அமைதியாகும் இடம் இது. வேகவைக்காத மொச்சை வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளுக்கு மேல் நீரில் மூழ்கிக் கிடந்தால் காற்றில்லாமல் அழுகும். முளைக்கவைக்க, ஊறியதும் நீரை வடித்து ஈரத்துணிக்கு மாற்றுங்கள். பெங்களூரின் குளிர்கால இரவுகளில் மொச்சை மெதுவாகத்தான் முளைக்கும், அவசரமென்றால் பச்சைப்பயறு.

மக்காச்சோளம், நெல்லுக்கு இந்த முறை உதவாது: அவற்றில் விதையுறை கனித்தோலோடு ஒட்டியிருக்கும், வித்திலையும் ஒன்றுதான். கடையில் வாங்கும் உடைத்த பருப்பு முளைக்கவே முளைக்காது, உடைக்கும்போதே கரு சிதைந்துவிடும். காயிலிருந்து அன்றே உரித்த பச்சை மொச்சை பாகம் காட்ட ஊறவைக்காமலே உதவும். முளைக்கவைக்க மட்டும் முற்றிக் காய்ந்ததையே எடுங்கள்.