‘சி’ வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்கலாமா? அமெரிக்காவில் மருத்துவக் கனவோடு வந்திறங்கும் வீடுகளுக்கு

நம் ஊரில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டால் அரியர் எழுதுவோம். தேறிவிட்டால் பழைய கதையை யாரும் கிளற மாட்டார்கள். நீட்டும் அப்படித்தான். போன வருடம் 300 வாங்கியவர் இந்த வருடம் 620 வாங்கினால், கவுன்சிலிங்கில் 620தான் பேசும். இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவுக்கு வருகிறோம். பிள்ளை ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘சி’ வாங்கியதும் நம் வாயில் முதலில் வருவது, "திரும்ப எடுத்து ‘ஏ’ வாங்கிடு, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான்.

நானும் என் மகளிடம் அதையேதான் சொன்னேன். கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து படித்து ‘ஏ’ வாங்கினாள். அவளுடைய கல்லூரி பழைய கிரேடை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டது. ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் கிரேடு சராசரி; ‘ஏ’க்கு 4 புள்ளி, ‘சி’க்கு 2) அழகாக ஏறியது. வீட்டில் பாயசம்கூட வைத்தோம். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கணக்கு கல்லூரி வாசலோடு சரி என்று.

பெரும்பாலான எம்டி கல்லூரிகளுக்கு ‘ஆம்காஸ்’ என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். (இங்கே எம்டி என்பது, கல்லூரிப் பட்டம் முடித்த பிறகு படிக்கும், நம் எம்பிபிஎஸ்ஸுக்கு இணையான அடிப்படை மருத்துவப் பட்டம். ஊரில் சொல்லும்போது மேற்படிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.) ஆம்காஸ் நம் ஜிபிஏவைத் தானே புதிதாகக் கணக்கிடும். முதல் தடவை வாங்கிய ‘சி’, இரண்டாம் தடவை வாங்கிய ‘ஏ’ இரண்டும் அதில் சேரும். டிஓ (ஆஸ்டியோபதி வழி மருத்துவப் பட்டம், அவர்களும் டாக்டர்கள்தான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ‘ஆகோமாஸ்’ முன்பு புதிய கிரேடை மட்டும் எடுத்துக்கொண்டது. 2017-இல் அதுவும் நின்றுபோனது. ஆனால் "டிஓவுக்குப் போட்டால் பழைய மார்க் அழிந்துவிடும்" என்று கோயில் பிரகாரத்தில் இன்றைக்கும் யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்கள். 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை), ஜிபிஏ 3.2 என்று வையுங்கள். 120-ஐ 3.2-ஆல் பெருக்கினால் 384 புள்ளி. நாலு கிரெடிட் ஆர்கானிக்கைத் திரும்ப எடுத்து ‘ஏ’ வாங்கினால் இன்னொரு 16 புள்ளி. 400-ஐ 124-ஆல் வகுத்தால் 3.23 வரும். அவ்வளவுதான். இப்போது திரும்ப எடுக்காமல், புதிதாக நாலு கிரெடிட் பிசியாலஜி எடுத்து ‘ஏ’ வாங்கினால்? அதே 3.23. ஜிபிஏவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றல்ல. படித்ததையே மறுபடி படித்து வாங்கிய ‘ஏ’யைவிட, அதற்கு மேற்பட்ட பாடத்தில் வாங்கிய ‘ஏ’க்கு எடை அதிகம். ‘சி’ வாங்கிய பிள்ளை அடுத்து பயோகெமிஸ்ட்ரியில் ‘ஏ’ வாங்கினால், பழைய சறுக்கலுக்கு அதுவே பதில்.

இதே 3.2-ஐ 3.5 ஆக்க எவ்வளவு வேண்டும் தெரியுமா? 72 கிரெடிட், அத்தனையும் ‘ஏ’. முழுநேரம் படித்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல். சமீப ஆண்டுகளில் எம்டியில் இடம் கிடைத்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.7-க்கு மேல். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்து இந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியாது.

அப்படியானால் எப்போதுதான் திரும்ப எடுப்பது? கிரேடு ‘சி மைனஸ்’ அல்லது அதற்கும் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ் போன்ற கட்டாயப் பாடங்களில் குறைந்தது ‘சி’ கேட்கும் கல்லூரிகளே அதிகம். ‘பி மைனஸ்’, ‘பி’ என்றால் தொடவே தொடாதீர்கள். இடையில் நிற்கும் ‘சி’தான் வம்பு. பிள்ளையிடம் நேரடியாகக் கேளுங்கள்: "அந்தப் பாடம் இப்போ உனக்குப் புரியுதா?" காய்ச்சலிலோ, வந்த புதிதில் ஆங்கிலம் பிடிபடாமலோ கிரேடு போயிருந்து, பாடம் தெரியும் என்றால் மேலே போகலாம். புரியவில்லை என்றால் திரும்ப எடுப்பது நல்லது, கிரேடுக்காக அல்ல, மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்காக. 472-இல் தொடங்கி 528-இல் முடியும் அந்தத் தேர்வில், இடம் கிடைத்தவர்களின் சராசரி 512 அளவில் நிற்கிறது. அடிப்படை ஆடினால் அங்கே தப்ப முடியாது. ஆயுளுக்கு ஏழே தடவைதான் எழுதலாம் என்பதால், "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்" என்றும் சொல்லாதீர்கள்.

புதிதாக வந்தவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுத்தால், பதினாறு வயதில் வாங்கிய அந்தக் கிரேடும் ஆம்காஸ் கணக்கில் சேரும். அந்தக் கல்லூரி மார்க் பட்டியலையும் அனுப்பியாக வேண்டும், மறைத்தால் வினையாகும். தடுமாறுகிறது என்று தெரிந்தால் கெடு முடியுமுன் விலகி ‘டபிள்யூ’ வாங்கிக்கொள்ளலாம், அது ஜிபிஏவைத் தொடாது. ஒன்றிரண்டு இருந்தால் பிழையில்லை, வரிசையாக இருந்தால் கேள்வி வரும்.

ஊரில் பிஎஸ்சி முடித்துவிட்டு இங்கே வந்து மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்குக் கதையே வேறு. அந்த மார்க் ஆம்காஸ் ஜிபிஏவில் சேராது. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கேட்கும். ஆகவே ஊரில் படித்த கெமிஸ்ட்ரியை இங்கே மறுபடி படிக்க வேண்டிவரும். வருத்தம்தான், ஆனால் பழைய மார்க் சுமார் என்றால் சுத்தமான பலகையில் தொடங்குகிறீர்கள். எம்பிபிஎஸ் முடித்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், உங்கள் வழி யுஎஸ்எம்எல்ஈ என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு.

பாடத்துக்குப் பணம் கட்டும் முன் விசாவைப் பாருங்கள். ஹெச்-4-இல் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த குடும்ப விசா) வந்த பிள்ளைக்கு 21 வயது நிறைந்தால் அந்த விசா போய்விடும். பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். கிரீன் கார்டு இல்லாதவர்களைப் பல மெடிக்கல் ஸ்கூல்கள் சேர்ப்பதே இல்லை, அரசின் கல்விக் கடனும் கிடையாது. சேர்க்கும் கல்லூரிகளிலும் சில, நான்கு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும். எந்தக் கல்லூரி யாரைச் சேர்க்கிறது என்பது ‘எம்எஸ்ஏஆர்’ என்ற தளத்தில் இருக்கிறது. முழு விவரத்துக்குச் சந்தா உண்டு. தண்டச் செலவல்ல.

கடைசியாக, மாதக் கணக்கு. விண்ணப்பம் மே மாதம் திறக்கும், மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் அனுப்பலாம். சீக்கிரம் போனவர்களுக்கு நேர்காணலும் சீக்கிரம். அனுப்பிய பிறகு வரும் கிரேடை ஆம்காஸ் தன் ஜிபிஏவில் சேர்க்காது. ஆகவே திரும்ப எடுக்கும் பாடமோ புதிய பாடமோ, அந்த வசந்த செமஸ்டருக்குள் முடிந்திருக்க வேண்டும். முடியாது என்றால் அடுத்த வருடம் போடுங்கள். "ஒரு வருஷம் வீணாகுதே" என்று பாட்டி போனில் அழுவார். இங்கே பட்டம் முடித்துவிட்டு ஓரிரு வருடம் ஆய்வகத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்த பிறகு போகிறவர்கள்தான் ஏராளம் என்று அவரிடம் சொல்லுங்கள். என் மகளும் அப்படி ஒரு வருடம் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.