மந்திரி பதில் சொன்னா ரயில் வந்துடாது: புது மக்களவைய கவனிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிஞ்சு புது மக்களவை கூடினா போதும், தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் புதுசா சில பசங்க "நம்ம எம்.பி. டெல்லியில என்ன பண்றாருன்னு நாமளே பாக்கலாம்"னு கெளம்பிடுவாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அந்தக் காலத்துல நாங்க பண்ணின கூத்தையே திரும்பப் பண்றதப் பாத்தா சும்மா இருக்க முடியல. ரேஷன் கார்டுக்கு எம்.பி.ய தேடாதீங்கங்கிற மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடறேன்.

மாவட்டம்தான் தொகுதின்னு நெனைக்கிறது

கிருஷ்ணகிரியில சரி, மாவட்டத்து ஆறு சட்டமன்றத் தொகுதியும் ஒரே எம்.பி. தொகுதி. தருமபுரியில சேலம் மாவட்டத்து மேட்டூரும் சேரும்.

மந்திரியோட பதில அனுமதின்னு படிக்கிறது

இதுக்குத்தான் எனக்கு இன்னும் கோவம் அடங்கல. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் இல்லாத ஏக்கம் ஊருக்கே தெரியும், ஜோலார்பேட்டை–ஓசூர் பாதை எப்ப வரும்னு எந்த எம்.பி. வந்தாலும் கேப்பாங்க, மந்திரியும் பதில் கொடுப்பாரு. அந்தப் பதிலோட பிரிண்ட் அவுட்ட லேமினேட் பண்ணி ஒரு பிளாட் புரோக்கர் காட்டினதுல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் மாந்தோப்ப வித்துட்டு பர்கூர் பக்கம் மனை வாங்கிட்டாரு. "மாப்ள, மந்திரியே எழுதிக் கொடுத்திருக்காருய்யா"ன்னு எங்கிட்ட பெருமையா நீட்டுறாரு, படிச்சுப் பாத்தா சர்வே நடக்குதுன்னு ஒரு வரி, அவ்ளோதான், அதுவும் போன மக்களவையில வந்த பதில்!

சர்வேக்கு அப்புறம் விரிவான திட்ட அறிக்கை வரணும், நிதி ஆயோக்கும் நிதி அமைச்சகமும் பாக்கணும், அப்புறம்தான் அனுமதி. அனுமதி வந்தாலும் பட்ஜெட்டோட வர்ற பிங்க் புக்குல, அதாவது எந்த ரயில்வே திட்டத்துக்கு எவ்ளோன்னு சொல்ற புத்தகத்துல, எவ்ளோ பணம் போட்டிருக்காங்கன்னு பாருங்க, தமிழ்நாட்டுத் திட்டங்களுக்கு வெறும் ஆயிரம் ரூபா ஒதுக்கின வருஷமும் உண்டு. மொரப்பூர்–தருமபுரி பாதைக்கு 2019ல அடிக்கல்லே நட்டாங்க, அதுக்கப்புறம் நிலம் எடுக்கவே வருஷக்கணக்கா இழுத்துச்சு.

அதனால பதில் கையில வந்தா மொதல்ல எத்தனையாவது மக்களவை, என்ன தேதின்னு பாருங்க. கேள்வி எண்ண மட்டும் நம்பாதீங்க, ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் எண் மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கும். நாடாளுமன்றத்தோட சன்சத் இணையதளத்துலயே மக்களவை எண்ணையும் கூட்டத்தொடரையும் தேர்ந்தெடுத்துத் தேடலாம். இன்னொண்ணு, "பரிசீலனையில் உள்ளது"ன்னு இருந்தா அதையும் குப்பைன்னு தூக்கிப் போடாதீங்க. மக்களவையில மந்திரி அப்படிச் சொன்னா அத உறுதிமொழியா எடுத்துக்குவாங்க, மூணு மாசத்துல நிறைவேத்தணும்னு கணக்கு, இழுத்தா கேக்குறதுக்குன்னே அரசு உறுதிமொழிக் குழு இருக்கு. எம்.பி.கிட்ட மனு கொடுக்கிறப்ப புதுசா ஒரு கேள்வி கேளுங்கன்னு சொல்றதுக்குப் பதிலா அந்த உறுதிமொழி என்னாச்சுன்னு கேக்கச் சொல்லலாம், நம்ம பக்கம் இத யாரும் செய்யறதா தெரியல.

பழைய மசோதா இன்னும் உயிரோட இருக்குன்னு நம்புறது

மக்களவை கலைஞ்சா அங்க நிலுவையில இருக்கறது காலாவதி. மாநிலங்களவை 2010ல பாஸ் பண்ணின மகளிர் இட ஒதுக்கீடு மசோதாவே மக்களவையில கெடந்து 2014ல செத்துப் போச்சு. மாநிலங்களவையில தாக்கலாகி அங்கயே நிக்கிறது மட்டும் தப்பிக்கும்.

ஸ்டார் கேள்வியெல்லாம் சபையில பேசுவாங்கன்னு டிவி முன்னாடி உக்காருறது

ஸ்டார் கேள்வின்னா மந்திரி சபையில வாயால பதில் சொல்ல வேண்டியது. ஒரு நாளைக்கு 20 தான் பட்டியல்ல, அதுலயும் அஞ்சாறு முடியறதுக்குள்ள மணி பன்னெண்டு ஆயிடும், கேள்வி நேரமும் முடிஞ்சிடும். மிச்சத்துக்கு எழுத்துல பதில் வரும்.

எம்.பி. மந்திரியாயிட்டா ஏன் கேள்வியே கேக்கலன்னு திட்டுறது

கேக்க மாட்டாரு. பதில் சொல்ற ஆளே அவருதான்.

நிலைக்குழுவுக்கு உடனே மனு அனுப்புறது

ஒவ்வொரு துறையையும் கவனிக்கிற எம்.பி.க்கள் குழுதான் நிலைக்குழு, பழைய குழு மக்களவையோடயே போயிடுச்சு. 2024ல ஜூன்ல சபை கூடிச்சு, துறைவாரி நிலைக்குழு அமைய செப்டம்பர் கடைசி ஆச்சு. புதுத் தலைவர் பேரு வந்தப்புறம் தபால் போடுங்க.