மாடல் வேகனில் துரு பூசுவதற்கு முன்

மாடல் ரயிலின் சரக்கு வேகனைப் பழசாகக் காட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது துரு நிறத்தைத்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பூசிவிடுவார்கள். பூசியது அழகாகத்தான் இருக்கும், வேகன் மாதிரி மட்டும் இருக்காது. அழுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் பூசுவதுதான் முதல் தவறு.

சேலம் ஜங்ஷனில் ஒரு சரக்கு ரயில் நின்றால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனில் அடிபட்டு நெளிந்த மேல் விளிம்பில்தான் துரு பிடிக்கத் தொடங்கும். மழைநீர் அதைக் கோடு கோடாகக் கீழே இறக்கும். உள்பக்கம் கரியும் துருவும் கலந்து கிடக்கும். சக்கரங்களைச் சுற்றி பிரேக் கட்டை தேய்ந்த தூள் பழுப்பாகப் படியும். பாக்ஸ்-என்-எச்எல் வகையின் உடம்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் கரியும் புழுதியும் அப்பியிருக்கும், துரு வழியாது. அதற்குச் சிவக்கச் சிவக்கத் துரு பூசினால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை இருக்கும் நம்ம சேலத்தில் சிரிப்பார்கள்.

ரேக் (ஒன்றாக ஓடும் வேகன் வரிசை) முழுவதையும் ஒரே மாதிரி அழுக்காக்குவதும் வேண்டாம். பராமரிப்பு முடிந்து புது பெயிண்டோடு வந்த வேகனும் நடுவில் ஒன்றிரண்டு ஓடும். பழைய வேகனிலும் 11 இலக்க எண் படிக்கத் தெரிய வேண்டும் என்பதால், அழுக்கின் மேலேயே ஒரு சதுரம் அடித்துப் புதிதாக எழுதியிருப்பார்கள். அந்தச் சதுரம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பக்கத்து சைடிங்கை, அதாவது சரக்கு ஏற்றும் கிளைத் தடத்தை, மாடலாகச் செய்கிறீர்களா? வெண்தூசி படுத்த பரப்புகளிலும் மூலைகளிலும்தான் தங்கும், நெட்டுக்குத்தான சுவரில் அவ்வளவாக நிற்காது.

அளவை மறக்காதீர்கள். எச்ஓ (HO) என்ற அளவில் செய்த மாடல் நிஜ வேகனில் 87-இல் ஒரு பங்கு. நீங்கள் வைக்கும் 1 மில்லிமீட்டர் புள்ளி நிஜத்தில் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் ஓட்டை! சுத்தக் கறுப்பும் இந்த அளவில் கண்ணை உறுத்தும், அடர்சாம்பல் போதும்.

அப்புறம் தின்னர். ஹார்டுவேர் கடை தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அக்ரிலிக் பெயிண்டை அதற்கான திரவத்தில் நீர்க்கக் கரைத்து, அடிப்பாகத்தில் சோதித்துவிட்டுப் பூசுங்கள். அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் கைபட்ட எண்ணெய்ப் பசையில் பெயிண்ட் ஒட்டாது.

கடைசியாக அடிக்கும் பளபளப்பில்லாத காப்புப் பூச்சான மேட் வார்னிஷை ஐப்பசி மழையிலோ ஏற்காட்டு மூடுபனியிலோ ஸ்ப்ரே செய்யாதீர்கள். காற்றின் ஈரத்தில் அது வெளுத்துப் பூத்துவிடும். வெயில் அடிக்கும் நாளாகப் பாருங்கள். அழுக்கு, துரு போலக் காட்டத் தூவும் நிறத்தூள் வார்னிஷ் பட்டதும் பாதி மறைந்துவிடும் என்பதால் தூளை ஒரு பிடி கூடுதலாகவே வையுங்கள்.

சக்கரத்தின் பக்கவாட்டில் துரு நிறம் சரி. தண்டவாளத்தில் உருளும் பரப்பில் மட்டும் பெயிண்ட் படக்கூடாது. அது தண்டவாளத்தையும் அழுக்காக்கி, அதன் வழியாக மாடல் எஞ்சினுக்கு மின்சாரம் போவதைத் தடுக்கும். கப்ளருக்குள் தூள் போனால் வேகன்கள் கோத்துக்கொள்ளாது.